மூன்று சேர் கிளினிக்கில் ஆள் ஏன் நிற்பதில்லை

கேள்வி: வேளச்சேரியில் மூன்று சேர் போட்ட பல் கிளினிக் நடத்துகிறேன். என்னோடு ஒரு பி.டி.எஸ். ஜூனியர், வந்து போகும் கன்சல்டன்ட் இரண்டு பேர், மூன்று அசிஸ்டன்ட், ஒரு ரிசப்ஷனிஸ்ட், பெருக்கித் துடைக்க ஒரு அக்கா. இரண்டு வருடத்தில் ஏழு அசிஸ்டன்ட் மாறிவிட்டார்கள். இரண்டு தடவை சம்பளம் கூட்டினேன், தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம் போனஸும் கொடுத்தேன். ஆனாலும் நிற்கவில்லை. இருப்பவர்களும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வேலை செய்கிறார்கள். ரிசப்ஷனிஸ்ட்டுக்கும் உள்ளே இருப்பவர்களுக்கும் பேச்சே இல்லை. எதை மாற்றுவது?

பதில்:

மூன்றாவது தடவை சம்பளம் கூட்டுவதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். அடுத்த முப்பது நாளும், ராத்திரி கடைசி ஆள் எத்தனை மணிக்கு வெளியே போனார் என்று ரிசப்ஷன் டைரியின் ஓரத்தில் குறித்து வரச் சொல்லுங்கள். வாசல் போர்டில் 9 மணி என்று இருக்கும். டைரியில் 9.50, 10.10, 9.40 என்று வரும். ஆள் நிற்காத பல் கிளினிக்குகளில் முதலில் பார்க்க வேண்டியது இந்த ஒரு மணி நேரத்தைத்தான்.

அசிஸ்டன்ட் வேலைக்கு வருகிற பெண்கள் பெரும்பாலும் கிளினிக் இருக்கிற தெருவில் குடியிருப்பவர்கள் அல்ல. வாடகை கட்டுப்படியாகிற இடமாகப் பார்த்து மேடவாக்கத்துக்கு அந்தப் பக்கமோ, பெரும்பாக்கத்திலோ, தாம்பரம் தாண்டியோ இருப்பார்கள். சாதாரண அரசுப் பேருந்தில் பெண்களுக்கு 2021 முதல் டிக்கெட் இல்லை. ஆட்டோவில் அந்தச் சலுகை கிடையாது. பஸ்ஸைத் தவறவிட்டு மாதத்தில் பத்து நாள் 150 ரூபாய்க்கு ஆட்டோ பிடித்தால் 1,500 ரூபாய் ஆகிறது. நீங்கள் கூட்டிக் கொடுத்த சம்பளம் அனேகமாக அங்கேயே கரைந்திருக்கும். பணத்தைவிடப் பெரிய தொல்லை வீட்டில். பத்தரைக்கு மேல் தெருமுனையில் வண்டியோடு காத்திருக்கும் அப்பா பத்து நாள் பொறுப்பார், பதினோராம் நாள் “பக்கத்துல ஜவுளிக்கடைல கேட்டுப் பாரும்மா” என்பார். உங்களிடம் அந்தப் பெண் இதைச் சொல்ல மாட்டார். “வீட்ல வேணாங்கறாங்க மேடம்” என்பதோடு முடிந்துவிடும். கடைகளையும் நிறுவனங்களையும் நாள் முழுக்கத் திறந்து வைக்க அனுமதித்த தமிழக அரசாணையே, பெண்களை இரவு 8 மணிக்கு மேல் வேலை வாங்க வேண்டுமானால் எழுத்துப்பூர்வமான சம்மதமும் தக்க பாதுகாப்பும் வேண்டும் என்று நிபந்தனை போட்டிருக்கிறது. அந்த ஆணை பத்து பேர், அதற்கு மேல் வேலை பார்க்கும் இடங்களுக்கானது. உங்கள் கிளினிக் அதற்குள் வராமல் போகலாம். ஆனாலும் 8 மணி என்ற அந்தக் கோட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தாமதம் எங்கிருந்து வருகிறது? கடைசி பேஷன்ட் 8.50-க்குச் சேரை விட்டு எழுந்தால் உங்கள் வேலை முடிந்தது, அசிஸ்டன்ட்டின் வேலை அப்போதுதான் தொடங்குகிறது. மூன்று சேரையும் துடைக்க வேண்டும். எச்சிலை உறிஞ்சும் சக்ஷன் குழாயில் கிருமிநாசினி கலந்த தண்ணீரை இழுக்கவிட வேண்டும். ஸ்பிட்டூன் வடிகட்டியைக் கழற்றிக் கழுவ வேண்டும். கருவிகளை ஊறவைத்து, தேய்த்து, உலர்த்தி, பல்லைக் குடையும் ஹேண்ட்பீஸுக்கு எண்ணெய் அடித்து, பௌச் என்ற உறையில் போட்டு ஒட்டி, நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் வைக்க வேண்டும். கம்ப்ரஸரில் சேர்ந்த தண்ணீரைத் திறந்துவிட வேண்டும். மருத்துவக் கழிவு போடும் மஞ்சள், சிவப்புப் பைகளைக் கட்டி லேபிள் ஒட்ட வேண்டும். லேபுக்குப் போகும் இம்ப்ரெஷனுக்கு, அதாவது பல் அச்சுக்கு, சீட்டு எழுத வேண்டும். கை தேர்ந்த இரண்டு பேர் சேர்ந்து செய்தாலும் 40 நிமிடம் பிடிக்கும்.

அதனால் மூன்று சேரையும் ஒரே நேரத்தில் மூடாதீர்கள். மூன்றாவது சேரை 8 மணிக்கு மூடிவிடுங்கள், இரண்டாவதை 8.30-க்கு. 8.30-க்கு மேல் ஒரு சேரில் மட்டும் வேலை, அதுவும் செக்கப், தையல் பிரிப்பது, கேப் ஒட்டுவது மாதிரிச் சின்ன வேலையாக இருக்கட்டும். ஆர்.சி.டி., அதாவது வேர் சிகிச்சை, தொடங்குவதானால் கடைசி நேரம் 7.15 என்று ஒரு கோடு போடுங்கள். கடைசி லோடு ஆட்டோகிளேவ் முடியும்வரை ஆள் காத்திருக்க வேண்டியதில்லை. கழுவி, உலர்த்தி, பௌச் போட்டு மூடிவைத்தால் காலையில் வருபவர் முதல் வேலையாக ஓடவிடலாம். அதற்கு மறுநாள் காலைக்குத் தேவையான செட் தனியாகக் கையிருப்பில் இருக்க வேண்டும். இந்த ஏற்பாட்டில் ஒரு நாளைக்கு இரண்டு பேஷன்ட் குறைவது போலத் தோன்றும். அனுபவம் இல்லாத அசிஸ்டன்ட்டை வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு ஒரு ஃபில்லிங் விட்டுப்போனாலே, ஃபில்லிங் 1,200 ரூபாய் என்று வைத்தால், 26 நாளில் 31,200 ரூபாய். ஒவ்வொரு ஆள் மாறும்போதும் இது இரண்டு மாதமாவது நடக்கிறது என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

அடுத்தது, காலை 10 முதல் 1.30, சாயங்காலம் 5 முதல் 9 என்று நம் ஊரில் பழகிப்போன நேரம். டாக்டர் மதியம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்து எழுந்து வருவார். மேடவாக்கத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெண் வெயிலில் போய்த் திரும்ப முடியாது, எக்ஸ்ரே ரூம் தரையில் துண்டு விரித்துப் படுத்திருப்பார். சம்பளம் ஏழரை மணி நேரத்துக்கு, கிளினிக்கில் கழிவது பதினொரு மணி நேரம். மூன்று அசிஸ்டன்ட்டையும் இப்படி உட்கார்த்தி வைப்பதற்குப் பதிலாக, ஒருவர் 9.30 முதல் 5.30, இருவர் 1 முதல் 9, வாரா வாரம் மாற்றி என்று பிரித்துப் பாருங்கள். காலையில் கூட்டம் குறைவான கிளினிக்குகளில் ஒரு சேருக்கு ஒருவர் போதும். 1 மணி முதல் 5 வரை இருப்பவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். ஸ்டாக் எண்ணுவது, பௌச் போடுவது, மறுநாள் பேஷன்ட்டுகளுக்குப் போன் போடுவது எல்லாம் அந்த நேரத்துக்கு நகர்ந்துவிட்டால் ராத்திரி பாரம் குறையும். சாயங்கால ஷிஃப்ட்டில் 7 மணிக்கு ஆளுக்குப் பத்து நிமிடம், ஒருவர் மாற்றி ஒருவர், டீ குடிக்க வேண்டும். டீயோடு ஒரு பன்னோ சுண்டலோ கிளினிக் கணக்கில். சாப்பிட ஒரு மூலை, பை வைக்கப் பூட்டுள்ள அலமாரி, பேஷன்ட்டுகள் போகாத ஒரு பாத்ரூம், இவை மூன்றும் வேண்டும்.

உட்காரும் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடை, நிறுவன ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டத் திருத்தமே வந்தது. பல் கிளினிக்குகளில் டாக்டருக்கு மட்டும் நல்ல ஸ்டூல் இருக்கும், அசிஸ்டன்ட் ஒற்றைக் காலில் சாய்ந்து நின்று சக்ஷன் பிடிப்பார். டாக்டரும் அசிஸ்டன்ட்டும் சேர்ந்து செய்யும் நான்கு கை வேலைமுறையில் அசிஸ்டன்ட்டின் கண் டாக்டரின் கண்ணைவிட 10 முதல் 15 சென்டிமீட்டர் மேலே இருக்க வேண்டும், அப்போதுதான் வாய்க்குள் தெரியும். அதனால் கால் வைக்க வளையம் உள்ள, உயரம் கூடுதலான ஸ்டூலாகப் பார்த்து வாங்குங்கள். நின்றபடி நான்கு மணி நேரம் குனிந்தால் ஆறே மாதத்தில் இடுப்பு சொல்லிவிடும்.

இனி கருவிகளுக்கு வருகிறேன். மனவருத்தம் என்று நாம் நினைப்பதில் பாதி, எண்ணிக்கை போதாத கருவியால் வருவது. மூன்று சேருக்கு, வேகமாகச் சுற்றிப் பல்லைக் குடையும் ஏரோட்டார் ஹேண்ட்பீஸ் மூன்று வைத்திருக்கும் கிளினிக்கில் ஒரு சாயங்காலம் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஒரு பேஷன்ட்டுக்கு 40 நிமிடம். கழுவி, எண்ணெய் விட்டு, பௌச் போட 15 நிமிடம். ஆட்டோகிளேவில் 134 டிகிரி சைக்கிள், உலர்த்தும் நேரத்தையும் சேர்த்தால் 40 முதல் 45 நிமிடம். ஆறுவதற்கு ஒரு பத்து நிமிடம். ஆக, ஒரு ஹேண்ட்பீஸ் ஒரு வாயிலிருந்து அடுத்த வாய்க்குப் போகக் கிட்டத்தட்ட 110 நிமிடம் ஆகும். 240 நிமிட சாயங்காலத்தில் ஒன்று இரண்டு தடவைதான் சுற்றி வரும். மூன்று ஹேண்ட்பீஸ் என்றால் ஆறு பேஷன்ட். ஏரோட்டார் தேவைப்படுகிறவர்கள் பன்னிரண்டு பேர் என்று வையுங்கள். மீதி ஆறு பேருக்கு என்ன ஆகிறது? “ஹேண்ட்பீஸ் எங்கம்மா? இன்னும் ரெடி இல்லையா?” என்று சேரிலிருந்து குரல் வருகிறது. அசிஸ்டன்ட் சைக்கிளை நடுவில் நிறுத்துவார், அல்லது ஸ்பிரிட்டில் துடைத்து நீட்டுவார். முதலாவது செய்தால் ஈரப் பௌச் என்று திட்டு. இரண்டாவது செய்தால் திட்டு இல்லை, ஆனால் தப்பு செய்கிறோம் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியும், நீங்கள் பார்த்தும் பார்க்காதது போல இருக்கிறீர்கள் என்பதும் தெரியும். ஒரு இடத்தின் மீது மதிப்புப் போவது இப்படித்தான். இந்தக் கணக்குக்குக் குறைந்தது ஆறு ஹேண்ட்பீஸ் வேண்டும். டயக்னாஸ்டிக் செட், ஸ்கேலர் டிப், எண்டோ (வேர் சிகிச்சை) பெட்டி எல்லாவற்றுக்கும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

தண்ணீரும் ஆளைத் திட்டு வாங்க வைக்கும். புதிதாகச் சேர்ந்த பெண் மே மாதத்தில், பல் அச்சு எடுக்கும் ஆல்ஜினேட் பொடியைக் கலக்கிறார். பாக்கெட்டில் போட்ட அளவுதான், ஒரு நிமிடத்துக்குள்தான் கலக்கிறார், ஆனாலும் ட்ரேயில் எடுத்து வைப்பதற்குள் கிண்ணத்திலேயே இறுகிவிடுகிறது. இரண்டு தடவை வீணானதும் டாக்டர் பல்லைக் கடிக்கிறார். மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வரும் சென்னை வெயில் தண்ணீர் கையைச் சுடும் பதத்தில் இருக்கும். ஆல்ஜினேட்டுக்கு 20 டிகிரியை ஒட்டி இருந்தால் நல்லது. ஃப்ரிட்ஜில் ஒரு பாட்டில் தண்ணீர் வைத்து, அதைச் சேர்த்து அந்தப் பதத்துக்குக் கொண்டுவந்து கலக்கச் சொன்னால் முடிந்தது. அதேபோல லாரித் தண்ணீரும் போர் தண்ணீரும் உப்பு. ஆட்டோகிளேவில் அதை ஊற்றினால் கருவியில் வெள்ளைப் படலமும் பழுப்புக் கறையும் வரும், “சரியாத் தேய்க்கலையா?” என்று கேள்வி வரும். டிஸ்டில்டு வாட்டர் கேன் தீர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்வது ஸ்டாக் வேலை, அதற்கு ஒரு ஆளின் பெயர் எழுதியிருக்க வேண்டும்.

பேஷன்ட் வாயைத் திறந்துகொண்டு கிடக்கும்போது அசிஸ்டன்ட்டைத் திட்டுவது பல் டாக்டர்களிடம் ஊறிப்போன பழக்கம். இரண்டு கையும் வேலையில் இருக்கும், கோபத்துக்கு வாய் மட்டும்தான் மிச்சம். நாற்பது வயது ஆள் ஒருவர் மல்லாந்து படுத்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறார், அந்த அவமானம் சம்பளத்தில் ஈடாகாது. வேலைக்கு நடுவில் பொருளின் பெயரை மட்டும் சொல்லுங்கள், உதாரணமாக வேர் சிகிச்சைக்கான மெல்லிய கம்பி வேண்டுமென்றால்: “பதினைந்தாம் நம்பர் கே ஃபைல்.” அவ்வளவுதான். அன்றைக்கே, வேலை முடிந்த பிறகு, கதவைச் சாத்திக்கொண்டு கேளுங்கள்: “எண்டோ ட்ரேயில பதினைஞ்சு இல்லம்மா. நடுவுல தேட வேண்டியதாச்சு. ட்ரே போடறப்போ லிஸ்ட்டைப் பார்த்தீங்களா?” “பார்க்கல மேடம், அவசரத்துல போட்டுட்டேன்.” “நாளையிலேருந்து பார்த்துப் போடுங்க.” முப்பது விநாடி போதும். போன மாதத் தப்பை இதோடு சேர்க்க வேண்டாம். மறுநாள் கூட்டத்தில் எடுக்கவும் வேண்டாம். பேஷன்ட் முன்னால் “பொண்ணே”, “ஏய்” என்று கூப்பிடுகிற வழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். நீங்கள் பெயர் சொல்லி, “ங்க” போட்டுக் கூப்பிட்டால் பேஷன்ட்டும் அப்படியே பேசுவார். உடைந்த கண்ணாடி, தொலைந்த பர் (குடையும் முனை) இவற்றுக்குச் சம்பளத்தில் பிடித்தம் செய்யாதீர்கள். பிடித்தால், அடுத்த தடவை உடைந்தது உங்கள் கண்ணுக்கே வராது.

ரிசப்ஷனுக்கும் உள்ளே இருப்பவர்களுக்கும் பேச்சில்லாததற்கு ஜாதகப் பொருத்தம் காரணமில்லை, அப்பாயின்ட்மென்ட் புத்தகம்தான் காரணம். வெளியே இருப்பவருக்குப் போனில் “நாளைக்கு வாங்க” என்று சொல்வதுதான் சுலபம், இல்லை என்று சொன்னால் ஏச்சு. உள்ளே இருப்பவருக்கு ஒரே நேரத்தில் இரண்டு பேர் வந்து நிற்பார்கள். ஒரு தாளில் நேரம் எழுதி ரிசப்ஷன் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வையுங்கள்: செக்கப் 15 நிமிடம், ஸ்கேலிங் 40, ஃபில்லிங் 40, சாதாரணப் பல் எடுப்பு 30, கடைவாய் ஞானப்பல் சர்ஜரி 75, கேப்புக்குத் தேய்த்து அளவு எடுப்பது 60, ஒரே சிட்டிங் ஆர்.சி.டி. 90. சேர் துடைத்து மாற்றும் பத்து நிமிடமும் இதற்குள் அடக்கம். உங்கள் கை வேகத்துக்கு ஏற்ப எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள், ஆனால் ஒரு வாரம் கடிகாரம் பார்த்து அளந்துவிட்டு மாற்றுங்கள். வேகத்தைப் பற்றி நமக்கு நாமே சொல்லிக்கொள்வது எப்போதும் பத்து நிமிடம் குறைவு. காலை 11.30, சாயங்காலம் 6.30 இரண்டும் வலியோடு வருபவர்களுக்காகக் காலியாக இருக்கட்டும். இந்த அட்டவணையை முதலில் உடைக்கப்போகிறவர் நீங்கள்தான். சித்தப்பா பையன் உங்கள் வாட்ஸ்அப்புக்கு “அக்கா, இன்னைக்கு வரட்டுமா?” என்று அனுப்புவான், நீங்கள் “வாடா” என்பீர்கள், ரிசப்ஷனுக்குத் தெரியாது. அவனையும் ரிசப்ஷனுக்கே போன் பண்ணச் சொல்லுங்கள். வாரத்தில் ஒரு மதியம் ரிசப்ஷனிஸ்ட் உள்ளே வந்து பௌச் போடட்டும், ஒரு அசிஸ்டன்ட் முன்னால் உட்கார்ந்து போன் எடுக்கட்டும். ஆர்.சி.டி.க்கு நடுவில் இன்னொரு பேஷன்ட்டை உள்ளே விட்டால் என்ன ஆகும் என்பதும், முக்கால் மணி நேரம் காத்திருந்த ஆள் கவுண்டரில் என்ன பேசுவார் என்பதும் தானாகப் புரியும்.

காலையில் எட்டு நிமிடம் நின்றபடி ஒரு கூட்டம் வையுங்கள். இன்றைய லிஸ்ட், லேபிலிருந்து வராத கேப், சர்க்கரையோ ரத்தத்தை இளக்கும் மாத்திரையோ உள்ள பேஷன்ட், எந்தச் சேருக்கு யார். இவ்வளவுதான். நேற்றைய தப்பு இதில் வந்தால் மூன்றாம் நாளே யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

ஏழு பேரில் எத்தனை பேர் முதல் இரண்டு மாதத்துக்குள் போனார்கள் என்று பாருங்கள். பாதிக்கு மேல் என்றால், அவர்களுக்கு வேலை கற்றுக்கொடுத்தது யார் என்று பாருங்கள். பழைய சீனியர் ஒருவர் இருப்பார். எந்த டிராயரில் எது, எந்தக் கன்சல்டன்ட்டுக்கு எந்த பர் பிடிக்கும் எல்லாம் அவர் தலைக்குள் இருக்கும். புதிதாக வருபவர் கற்றுக்கொண்டால் தன் மதிப்புக் குறையும் என்று அவருக்குத் தோன்றுவதில் வியப்பில்லை, நீங்கள் அவரை மதித்தது அந்த ரகசியங்களுக்காகத்தானே. அவரை வேலையை விட்டு அனுப்பாதீர்கள். ஒவ்வொரு ட்ரேயையும் அடுக்கிப் போட்டோ எடுத்து, தமிழில் பெயர் எழுதி, லேமினேட் செய்து சுவரில் மாட்டச் சொல்லுங்கள். அந்த வேலை அவருடையது, அவர் பெயரும் அதில் இருக்கட்டும். ஸ்டோர் சாவி இரண்டு பேரிடம் இருக்கட்டும். புதியவர் மூன்று மாதம் நிலைத்தால் சீனியருக்கு ஒரு தொகை என்று சொல்லிவையுங்கள், சொன்ன தேதியில் கொடுங்கள். புதியவருக்கு முதல் வாரம் கழுவுவது, பேக் செய்வது மட்டும். இரண்டாவது வாரம் சக்ஷன். மூன்றாவது வாரம் ஆல்ஜினேட், சிமென்ட் கலப்பது. நான்காவது வாரம் சீனியர் பக்கத்தில் நிற்க, ஒரு சேரைத் தனியாக. முதல் நாளே சர்ஜரிக்குள் தள்ளினால் ரத்தத்தைப் பார்த்துத் தலைசுற்றி, மறுநாள் போன் சுவிட்ச் ஆஃப் ஆகிவிடும்.

ஊசி குத்தும் பயத்தைப் பற்றி எந்த அசிஸ்டன்ட்டும் தானாகப் பேசுவதில்லை. சேர்ந்த வாரமே ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி தொடங்குங்கள், பிறகு ஒரு மாதத்திலும் ஆறாவது மாதத்திலும். முடித்து ஒன்றிரண்டு மாதம் கழித்து டைட்டர் (ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தியின் அளவு) பார்த்தால் 10 அல்லது அதற்கு மேல் வர வேண்டும். செலவு கிளினிக்குடையது. 2016 உயிரி மருத்துவக் கழிவு விதிகளிலேயே ஊழியர்களுக்கு ஹெபடைட்டிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போடுவது நிறுவனத்தின் கடமை என்று இருக்கிறது. ஊசி போட்டவரே அதை அழிக்க வேண்டும் என்று கிளினிக்கில் ஒரு விதி வையுங்கள். சிரிஞ்சை ட்ரேயில் போட்டுவிட்டு டாக்டர் எழுந்து போவதால்தான் பெரும்பாலும் குத்துகிறது. மூடி போட்டே ஆக வேண்டும் என்றால் மூடியை ட்ரேயில் வைத்து ஒரு கையால் கோத்து எடுக்க வேண்டும். அப்படியும் குத்திவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிதுக்கக் கூடாது, விரலை வாயில் வைக்கக் கூடாது. உடனே ஆட்டோ பிடித்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசரப் பிரிவு. எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, தொடங்கினால் 28 நாள். கூட ஒரு ஆளை அனுப்புங்கள், அன்றைய சம்பளத்தைப் பிடிக்காதீர்கள். “பார்த்து வேலை செய்யக் கூடாதா?” என்ற ஒரு கேள்வி போதும், அடுத்த ஆள் குத்தியதை மறைத்துவிடுவார். எக்ஸ்ரே எடுக்கும்போது சென்சாரை அசிஸ்டன்ட் கையால் பிடிப்பதும் இதே வகை ஆபத்து, அதற்கு ஹோல்டர் இருக்கிறது.

பேஷன்ட் கை தவறான இடத்தில் படும் சம்பவங்கள் நடக்கும், சில நேரம் கன்சல்டன்ட்டிடமிருந்தும் வரும். சேர் ரூமில் அசிஸ்டன்ட் தனியாக ஒரு ஆண் பேஷன்ட்டோடு இருக்கும்படி விடாதீர்கள். புகார் வந்தால் அந்த பேஷன்ட்டின் அடுத்த அப்பாயின்ட்மென்ட்டை ரத்து செய்யுங்கள், அது எவ்வளவு பெரிய இம்ப்ளான்ட் கேஸாக இருந்தாலும். பத்து பேர் இருந்தால் பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 சட்டப்படி உள் புகார்க் குழு வேண்டும். அதற்குக் கீழே என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம் என்பதை ஊழியர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

ஜூனியர் டாக்டர் விஷயம் சின்னது. அவர் தொடங்கிய கேஸை பேஷன்ட் முன்னால் பிடுங்கி நீங்கள் முடிக்காதீர்கள். எம்.டி.எஸ். படிக்கப் போவார், போகட்டும், போகிற வருடம் முன்கூட்டியே தெரிந்தால் போதும். கன்சல்டன்ட்டைப் பொறுத்தவரை ஒரே நிபந்தனை: தாமதமானால் ஒரு மணி நேரம் முன்பே ரிசப்ஷனுக்குச் சொல்ல வேண்டும். 5 மணி என்று சொல்லி 6.30-க்கு வந்தால் அந்த ஒன்றரை மணி நேர ஏச்சு வாங்குவது கவுண்டரில் இருக்கும் பெண்.

பணத்தில், தொகையைவிடத் தேதிக்கு மதிப்பு அதிகம். ஒன்றாம் தேதியோ ஐந்தாம் தேதியோ, வங்கிக் கணக்கில், ஒரு நாள் பிசகாமல். அட்வான்ஸ் கேட்பார்கள், குறிப்பாக ஜூனில் பள்ளிக் கட்டணத்துக்கு. அரை மாதச் சம்பளம்வரை, மூன்று மாதத்தில் பிடித்தம், பழையது முடிந்தால்தான் புதியது என்று விதி இருந்தால் கேட்பவர் கூச வேண்டாம், நீங்களும் முகம் சுளிக்க வேண்டாம். பத்து பேர் இருந்தால் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) வரும்: சம்பள வரம்பு 21,000, ஊழியர் பங்கு 0.75 சதவீதம், உங்கள் பங்கு 3.25 சதவீதம். உங்கள் எண்ணிக்கை அதற்குக் கீழே இருப்பதால் ஒரு குழு மருத்துவக் காப்பீடாவது எடுங்கள். “கேப்புக்குச் சம்மதிக்க வைத்தால் இவ்வளவு” என்ற இன்சென்டிவ் வேண்டாம். ரிசப்ஷனில் இருப்பவர் டாக்டர் பார்க்காத பல்லுக்கெல்லாம் கேப் சொல்லத் தொடங்குவார், உள்ளே இருப்பவர்களுக்கு அதில் பங்கில்லை என்று இன்னொரு சண்டையும் வரும்.

பொங்கலுக்கு நான்கு நாள் மூடிவிடுங்கள். ஊருக்குப் போகிறவர்களைக் கெஞ்சி நிறுத்தி, வராத பேஷன்ட்டுக்காக விளக்கு எரிய வைப்பதில் லாபமில்லை. நவம்பர், டிசம்பர் மழையில் தண்ணீர் தேங்கி வேளச்சேரி என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். ரெட் அலர்ட் என்றால் காலை 7 மணிக்கே குரூப்பில் ஒரு வரி போடுங்கள், சம்பளத்தோடு விடுமுறை. ராத்திரி 11 மணிக்கு வாய்ஸ் நோட் அனுப்பும் பழக்கம் இருந்தால் அதே குரூப்பில் அதை நிறுத்துங்கள். காலைக் கூட்டம் அதற்குத்தானே.

எட்டாவது ஆள் போகும்போது பத்தாம் வகுப்பு ஒரிஜினல் மார்க் ஷீட்டை வைத்துக்கொண்டு நிறுத்தப் பார்க்காதீர்கள். ஒரிஜினலைச் சேரும்போதே வாங்கக் கூடாது. அனுபவச் சான்றிதழை அன்றைக்கே கொடுங்கள். இரண்டு வாரம் கழித்து, நீங்களே வேண்டாம், உங்கள் கிளினிக்கில் பெருக்கித் துடைக்கும் அக்கா போனில் பேசட்டும், அவரிடம் உண்மை வரும். கல்யாணத்துக்கும் குழந்தைக்கும் போனவர்களின் நம்பரை அழிக்காமல் வையுங்கள். குழந்தை எல்.கே.ஜி. சேரும் ஜூன் மாதத்தில் ஒரு தடவை கூப்பிட்டு, 9.30 முதல் 1.30 வரை மட்டும் வர முடியுமா என்று கேளுங்கள். வேலை தெரிந்த கை, சாயங்கால வண்டித் தொல்லை இல்லை, உங்கள் காலை ஷிஃப்ட்டும் நிரம்பும்.